ஆக்டோபஸ் முத்திரையோடு போனவள்

மித்சுயோ தன் கணவரிடம் கடைசியாகப் பேசியது பிளாஸ்டிக் குப்பையைப் பற்றி.

"நாளைக்கு வியாழன். பிளாஸ்டிக் நாள். புட்டி மூடியைத் தனியாக் கழட்டிப் போடணும். போன வாரம் அப்படியே போட்டுட்டீங்க. பக்கத்து வீட்டு யாசுயே பார்த்துட்டு எங்கிட்ட சொல்றா."

"அவளுக்கு வேற வேலையே இல்லையா?"

"மூடியைக் கழட்டுங்க" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு, தெருமுனையில் நின்று அவள் கணவர் தொகாஷி கென்சாகு ஒவ்வொரு புட்டியாக மூடி கழற்றிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. இன்னும் மூன்று புட்டி பாக்கி. அவற்றையும் கழற்றி முடித்துவிட்டுத்தான் எடுத்தார். அதற்காகத் தன்னை வெகுநாள் திட்டிக்கொண்டார். ஆனால் மித்சுயோ திட்டியிருக்க மாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

இறுதிச் சடங்கு நடத்த வந்தவர் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக மெல்லிய குரலில் கேட்டார்: "அம்மா கோயில் கோயிலாப் போறவங்கன்னு கேள்விப்பட்டேன். கோயில்ல முத்திரை வாங்கற புத்தகம் ஏதாவது இருக்குங்களா? சவப்பெட்டியில கூட வெச்சு அனுப்புறது வழக்கம். மேல போய்க் காட்டினா கதவைத் திறந்துடுவாங்க."

"இருக்கு, இருக்கு" என்றார் கென்சாகு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்திருந்த அவளுடைய கைப்பையில் அது இருந்தது. விசிறி மாதிரி மடிந்து விரியும் புத்தகம். அவருடைய பழைய கோடை அங்கியைக் கிழித்து அவளே தைத்துப் போட்ட நீல அட்டை. கண்ணில் நீர் மறைத்துக்கொண்டிருந்ததால் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. கோத்திருந்த அவள் கைகளுக்குக் கீழே செருகினார். அந்த மூன்று நாளில் தான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைத்தார்.

ஏழாம் நாள் பூஜை முடிந்து பிக்கு கிளம்பிப் போனதும், ஒசாகாவிலிருந்து வந்திருந்த மகள் கயோகோ காப்பீட்டுப் பத்திரத்தைத் தேடி அப்பாவின் இழுப்பறையைக் குடைந்தாள். உள்ளே அவருடைய குளிர்காலச் சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு நீலப் புத்தகத்தை எடுத்தாள்.

"அப்பா, இது இங்க இருக்கே!"

பிரித்தாள். பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு மசியில் தூரிகை எழுத்து. அதன்மேல் சிவப்பாகக் கோயில் முத்திரை.

"இருக்க முடியாதே. நான் பெட்டியில வெச்சேனே."

"என்ன வெச்சீங்க?"

"புத்தகம்."

"எந்தப் புத்தகம்?"

"நீலப் புத்தகம்."

கயோகோ தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டுமே நீலம்தான்ப்பா. ஒரே துணியில தெச்சது. நீங்க வெச்சு அனுப்பினது ரயில் நிலையப் புத்தகம்!"

ரயில் நிலையங்களில் மேசை மேல் ஒரு ரப்பர் முத்திரையும் மைப்பட்டையும் வைத்திருப்பார்கள். அந்த ஊருக்கு ஏற்ற படம் அதில் இருக்கும். விடுமுறையில் குழந்தைகள் வரிசையில் நின்று குத்திக்கொள்வார்கள். மித்சுயோவும் நிற்பாள், அறுபத்தொன்பது வயதில்.

"முதல் பக்கத்துல தொப்பி போட்ட ஆக்டோபஸ்" என்று விரல் விட்டு எண்ணினாள் கயோகோ. "அடுத்தது சுரங்கப் பாதை. அப்புறம் குடை பிடிச்ச தவளை, மீன் காட்சியகத்துப் பென்குயின், நூடுல்ஸ் கிண்ணம்... நடுவுல ஒரு ஊர்ல கத்திரிக்காய்க்குக் கண்ணு, மூக்கு, கை, கால் எல்லாம் வெச்சு..."

"போதும்."

"அந்தக் கத்திரிக்காய் ஓடற மாதிரி இருக்கும்ப்பா."

"போதும்னேன்."

மித்சுயோவுக்குத் தன் சொந்த நாட்டின் மேல், நேற்று விமானத்திலிருந்து இறங்கிய வெளிநாட்டுக்காரிக்கு இருப்பது போன்ற பித்து. ஆயிரம் வருடப் பழமையான மரச்சிலை முன்னால் அரைமணி நேரம் வாய் பிளந்து நிற்பாள். அதே பரவசத்தோடு, இந்த மாதம் மட்டும் விற்கும் பூசணிக்காய் வறுவல் பொட்டலத்தின் முன்னாலும் நிற்பாள். பொம்மலாட்டம் பார்க்க ஒசாகா போனால், திரும்பும் வழியில் கார்ட்டூன் ரோபோவின் ராட்சதச் சிலைக்குக் கீழே இரண்டு விரலை விரித்துப் படம் எடுத்துக்கொள்ளாமல் வரமாட்டாள். புது ஊருக்குப் போனால், பாதாளச் சாக்கடை மூடியில் என்ன படம் வார்த்திருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் நிமிர்வாள்.

கென்சாகு காரை ஓட்டுவார். அவ்வளவுதான். கோயில் படிக்கட்டு வந்ததும், இயந்திரத்தில் காசு போட்டுச் சூடான டின் காப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்.

"மேல வாங்களேன். ஒரு முத்திரை வாங்கிட்டு வரலாம்" என்பாள் அவள்.

"முப்பத்தெட்டு வருஷம் குத்திக் குத்திக் கை காய்ச்சுப் போச்சு. இனி வாங்க வேற செய்யணுமா?"

அது உண்மை. நகராட்சி அலுவலகத்தில், குடியிருப்போர் பதிவேடு, மூன்றாம் கவுன்டரில் அவர் முப்பத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் அவருக்கு இப்போது பயம் வந்தது. இறந்தவரை ஏழு நாளுக்கு ஒருமுறை ஒரு நீதிபதி விசாரிப்பார்; ஐந்தாவது ஆள் யமன்; நாற்பத்தொன்பதாம் நாள் கடைசித் தீர்ப்பு. இதைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறார். ஒருபோதும் நம்பியதில்லை. ஆனால் நீதிபதிகளை நம்பாவிட்டாலும் கவுன்டர்களை அவர் நம்பினார். தவறான பத்திரத்தோடு வந்தவர்களை அவரே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்! குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு, "மன்னிக்கணும்மா, இது அந்தப் பத்திரம் இல்லை. சரியானதை எடுத்துக்கிட்டு இன்னொரு நாள் வாங்க" என்று.

மித்சுயோ அங்கே ஒரு கவுன்டரில் நின்று, உள்ளே இருப்பவருக்கு ஓடும் கத்திரிக்காயைக் காட்டிக்கொண்டிருப்பாள். அவள் இன்னொரு நாள் எப்படி வருவாள்?

அன்றைக்கே தகன நிலையத்துக்குத் தொலைபேசி செய்தார்.

"ஒரு பொருள் விட்டுப் போச்சு. அதை மட்டும் இப்ப எரிச்சுக் குடுக்க முடியுமா?"

"உடல் இருக்குங்களா ஐயா?"

"உடலை நீங்கதான் போன வாரமே எரிச்சுட்டீங்களே."

"உடல் இல்லாம பொருளை மட்டும் எரிக்க விதி இல்லைங்க. உடலோட வந்தா, பொருளைச் சேர்த்துக்கலாம்."

"வேற யாரோட உடலாவது..."

"அது அந்தக் குடும்பத்தோட சம்மதத்தைப் பொறுத்ததுங்க" என்றது மறுமுனைக் குரல், மிகுந்த எச்சரிக்கையோடு.

கென்சாகுவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

பக்கத்து வீட்டு யாசுயேயின் மாமனார் முரோயாவுக்குத் தொண்ணூற்றேழு வயது. இரண்டு வாரமாகக் கஞ்சிகூட இறங்கவில்லை. உறவினர்களுக்குச் சொல்லிவிடச் சொல்லி டாக்டர் சொல்லிவிட்டார். அதையெல்லாம்விட முக்கியம், அவர் ஓய்வுபெற்ற தபால்காரர்.

பன்னிரண்டாம் நாள், கென்சாகு மரப்பெட்டியில் வைத்த முலாம்பழம் ஒன்றை வாங்கிக்கொண்டு, புத்தகத்தையும் ஊதாத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். யாசுயே தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கிழவர் கண் மூடிக் கிடந்தார்.

"முரோயா ஐயா, ஒரு சின்ன உதவி."

"உதவி செய்யற நிலைமையிலயா இருக்கேன் தம்பி?"

"இந்த நிலைமையில இருக்கறவங்கதான் செய்ய முடியும்."

யாசுயேயின் கையிலிருந்த தட்டு அந்தரத்தில் நின்றது. கிழவரின் ஒரு கண் மட்டும் திறந்தது.

"என்ன பொருள்?"

"புத்தகம். ஒண்ணே ஒண்ணு. கனமில்லை."

"யாருக்கு?"

"மித்சுயோவுக்கு. யமன் கவுன்டர் வாசல்ல நிப்பா."

"எப்பக் கிளம்பணும்?"

"உங்க வசதிதான். முப்பத்தஞ்சாம் நாளுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா நல்லது."

"தொகாஷி சான்!" என்றாள் யாசுயே.

"நீ சும்மா இரும்மா" என்றார் கிழவர். இரண்டாவது கண்ணும் திறந்தது. "நாப்பத்தோரு வருஷத்துல ஒரு தபாலையாவது நான் தவற விட்டிருக்கேனா?"

"இல்லை. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

"பெரும் புயல்ல பாலம் அடிச்சுக்கிட்டுப் போச்சே, அன்னைக்கு?"

"அன்னைக்கும் குடுத்தீங்க. எங்க வீட்டுக்கு மின்சார ரசீது."

கிழவர் கையை நீட்டினார். புத்தகத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு மருமகளைப் பார்த்து, "கொஞ்சம் கஞ்சி குடு. தூரம் போகணும். வெறும் வயித்தோட சைக்கிள் மிதிக்க முடியாது" என்றார்.

அன்று அரைக் கிண்ணம் குடித்தார். மறுநாள் முழுக் கிண்ணம். அதற்கடுத்த நாள், கால் மரத்துப்போனால் பாதையில் எப்படி நடப்பது என்று சொல்லி எழுந்து உட்கார்ந்து காலை நீட்டி மடக்கினார். பதினெட்டாம் நாள் பரணிலிருந்து தன் பழைய தோல் பையை எடுத்துத் துடைக்கச் சொன்னார். இருபத்து நான்காம் நாள் வாசல் வரை நடந்துவந்து, கென்சாகுவின் வீட்டைப் பார்த்துக் கையாட்டினார்.

கென்சாகு பதிலுக்குக் கையாட்டினார். வேறு என்ன செய்வது?

யாசுயே பெரிய தட்டில் கடல்மீன் சோறும் கத்திரிக்காய் ஊறுகாயும் கொண்டுவந்து வைத்து, நெற்றி பாயில் படக் குனிந்தாள். "டாக்டரே அசந்துட்டாரு. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல தொகாஷி சான். உங்களாலதான் எழுந்தார்."

"நல்லது... ரொம்ப நல்லது" என்றார் கென்சாகு. உண்மையில் அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் அவரை மிகவும் சங்கடப்படுத்தியது.

"உள்ளதைச் சொல்லுங்க. அவரு கிளம்பலையேன்னு உங்களுக்கு வருத்தம்தானே?"

"சேச்சே!"

"முகத்துல தெரியுது."

"லேசா" என்று ஒப்புக்கொண்டார். யாசுயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மித்சுயோ போனபின் அந்த வீட்டுக்குள் கேட்ட முதல் சிரிப்பு அது. அவரும் சிரித்துவிட்டார்.

கிழவர் எழுந்ததோடு நிற்கவில்லை. தான் மேலே போகப் போவதாகவும், பையில் இன்னும் இடம் இருப்பதாகவும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

முதலில் மீன் கடை அம்மாள் தன் கணவரின் மூக்குக்கண்ணாடியோடு வந்தாள். "ஆஸ்பத்திரி மேசையிலயே விட்டுட்டுப் போயிட்டாரு. ஆறு வருஷமா அங்க பேப்பர் படிக்க முடியாம உட்கார்ந்திருப்பாரு." அடுத்து முடிதிருத்தும் கடைக்காரர், அம்மாவுக்கு எழுதிய மன்னிப்புக் கடிதத்தோடு வந்தார். என்ன தவறு என்று யாரும் கேட்கவில்லை; உறை தடியாக இருந்தது. மூன்றாம் வீட்டு விதவை பல்செட் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். யாரோ நாய்க்குப் பிஸ்கட் கொடுத்தார்கள்.

கிழவர் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து நிறுத்தார். சீட்டு ஒட்டினார்.

"ஐயா, நாளாகுது" என்றார் கென்சாகு, முப்பத்து மூன்றாம் நாள்.

"அவசரப்படாதே தம்பி. உன்னுது ஒண்ணுன்னா உடனே கிளம்பியிருப்பேன். இப்ப ஒன்பது உருப்படி. இத்தனை பேர் நம்பிக் குடுத்திருக்காங்க. வரிசைப்படுத்தணும், பாதை போடணும். இந்தப் பல்செட்டுக்கு விலாசமே சரியில்லை, அந்த மனுஷன் ரெண்டு கல்யாணம் பண்ணினவரு. எந்த வீட்டுல இருப்பாருன்னு விசாரிக்க வேண்டாமா?"

கொடுத்தவர்கள் எல்லோரும் யோசனை சொன்னவருக்கு நன்றி சொல்ல கென்சாகுவின் வீட்டுக்கும் வந்தார்கள். யாரும் வெறுங்கையோடு வரவில்லை. யாரும் உடனே எழுந்து போகவுமில்லை. மூக்குக்கண்ணாடிக்காரரைப் பற்றியும் நாயைப் பற்றியும் பேசினார்கள். மித்சுயோ மீன் கடையில் வஞ்சிர மீனின் வாலைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டதைப் பற்றிப் பேசினார்கள். அந்த நாட்களில் அவர் ஒரு வேளைகூடத் தனியாகச் சாப்பிடவில்லை. அது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது அவர் மனமெல்லாம் நாட்காட்டியில் இருந்தது.

முப்பத்தைந்தாம் நாள் வந்தது, யமனின் நாள். காலையில் மித்சுயோவின் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றினார். கடையில் புதிதாக வந்திருந்த, மாதுளைச் சிவப்பில் ஏதோ தடவிய சோற்று உருண்டையை வைத்தார். அவருக்கு அது பிடிக்காது. அவளுக்குப் பிடித்திருக்கும்.

"இங்க பாரு" என்றார் தாழ்ந்த குரலில். "வரிசையில கடைசியா நில்லு. பின்னாடி யாராவது வந்தா, நீங்க முன்னாடி போங்கன்னு விட்டுடு. உனக்கு அது வராதுன்னு தெரியும். இருந்தாலும் விடு. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப கவுன்டருக்குப் போ. அந்த நேரத்துல எவனும் பத்திரத்தைப் பிரிச்சுப் பார்க்க மாட்டான். நான் பார்த்ததில்லை."

பின்னால் யாசுயே தன் பாத்திரத்தைத் திரும்ப வாங்க வந்து நின்றிருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "தொகாஷி சான், இதுக்கு எங்க மாமனார் எதுக்கு? மேட்டுக் கோயில்ல மாசம் ஒரு ஹோமம் நடக்குதே. பழைய தாயத்து, காகிதம் எல்லாத்தையும் மந்திரம் சொல்லி அதுல போட்டு மேல அனுப்புவாங்களே."

கென்சாகு திரும்பினார். "இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?"

"கோயில் விஷயம் எனக்கு எப்படித் தெரியும்? நான் கீழ பெஞ்சுலதான் இருப்பேன்."

அடுத்த ஹோமம் இருபத்தெட்டாம் தேதி. கணக்குப் பார்த்தார்கள். அது சரியாக நாற்பத்தொன்பதாம் நாள்.

கிழவரிடமிருந்து புத்தகத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஏற்றுக்கொண்ட தபாலை வழியில் திருப்பிக் கொடுக்க முடியாது என்றார். கடைசியில், "வேறு மார்க்கமாக அனுப்பப்படுகிறது" என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார். கூடவே பையையும் நீட்டினார். "அப்படின்னா இந்த எட்டையும் நீயே எடுத்துக்கிட்டுப் போ. எனக்கு நாளையிலேர்ந்து பார்க்குல பந்தாட்டம் இருக்கு."

வீட்டுக்கு வந்து, ஒரு பத்திரத்தை அனுப்புமுன் சரிபார்ப்பதுபோலப் புத்தகத்தைப் பிரித்துச் சரிபார்த்தார். முதல் பக்கம் முதல் கடைசிக்கு முந்திய பக்கம் வரை முத்திரைகள் நிறைந்திருந்தன. கடைசிப் பக்கம் காலி. ஆனால் எங்கேயும் பெயர் இல்லை.

விண்ணப்பதாரர் பெயர் இல்லாத காகிதம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? அதற்கென்று தனியாக ஒரு தட்டு உண்டு. அதில் விழுந்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அலுவலகத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. ஒரே விஷயத்தைச் சேர்ந்த இரண்டு காகிதங்கள் பிரிந்து போகக்கூடாது என்றால், இரண்டையும் அருகருகே வைத்து, இரண்டிலும் விழும்படி ஒரே முத்திரையைக் குத்துவார்கள். அங்கே அவளிடம் ஏற்கனவே ஒரு புத்தகம் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் தொப்பி போட்ட ஆக்டோபஸ். இந்தப் புத்தகத்திலும் அதே ஆக்டோபஸைக் குத்திவிட்டால்? கவுன்டரில் இருப்பவன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரிந்துகொள்வான். அவராக இருந்தால் புரிந்துகொள்வார்.

ஓட்டுநர் உரிமத்தைப் போன வருடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நாற்பத்தேழாம் நாள், ரயிலில் மூன்று நிலையம் போய், அங்கிருந்து ஆக்டோபஸ் முத்திரை இருக்கும், இப்போது ரயில் போகாத பழைய துறைமுக நிலையத்துக்கு நடந்தே போனார். முத்திரை மேசை முன்னால் இரண்டு குழந்தைகள். மூன்றாவதாக நின்றார்.

"தாத்தா, நேரா வெக்கணும்" என்றாள் முன்னால் இருந்த சிறுமி.

"எனக்குத் தெரியும்மா."

"ஆட்டக்கூடாது."

"முப்பத்தெட்டு வருஷம்..." என்று தொடங்கியவர், அவள் பார்வையைத் தாங்காமல் நிறுத்திக்கொண்டார். முத்திரையை எடுத்தார். மையில் தொட்டார். கடைசிப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். அந்த ஆக்டோபஸைப் பார்த்தவுடன், அவள் இங்கே இதே மேசையில் குனிந்து நின்றிருப்பாள் என்று தோன்றிவிட்டது. அதனால் கை என்ன செய்கிறது என்று அவர் கவனிக்கவில்லை.

எடுத்துப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக முத்திரை தலைகீழாக விழுந்திருந்தது.

"சொன்னேன்ல" என்றாள் சிறுமி.

வீட்டுக்கு வந்ததும் கயோகோவுக்குத் தொலைபேசி செய்தார்.

"அப்பா! கோயில் புத்தகத்துலயா ரயில் முத்திரை குத்தினீங்க?"

"ஏன்?"

"ரெண்டையும் கலந்தா கோயில்ல கையாலயே தொட மாட்டாங்கப்பா! இது விளையாட்டுப் புத்தகமான்னு கேட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்க. அதுக்குத்தானே அம்மா ரெண்டு புத்தகம் வெச்சிருந்தாங்க!"

மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாள். கென்சாகு தனக்குத் தெரிந்த கடைசி வழியையும் செய்தார். பத்திரத்தில் பிழை நேர்ந்தால் அழிக்கக்கூடாது. அதன் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, திருத்தியவர் தன் பெயர் முத்திரையைப் பக்கத்தில் பதிக்க வேண்டும். அளவுகோல் வைத்து ஆக்டோபஸின் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். பக்கத்தில் சிவப்பாக 'தொகாஷி' என்று பதித்தார். பிறகு சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தார்.

பெயரில்லாத நல்ல புத்தகமாக இருந்தது. இப்போது அதன் கடைசிப் பக்கத்தில் தலைகீழான ஆக்டோபஸ் ஒன்று கைதாகியிருந்தது.

நாற்பத்தொன்பதாம் நாள் காலை, பெஞ்சைத் தாண்டி முதல்முறையாக மேட்டுக் கோயில் படிகளில் ஏறினார். தோளில் தபால் பை. இருமுறை நின்றார். மூன்றாம் முறை திரும்பியபோது, கூரைகளுக்குக் கீழே கடலும் தீவுகளும் படகுகளும் தெரிந்தன. அவள் இத்தனை தடவை கூப்பிட்டது இதைப் பார்க்கத்தானோ என்னவோ. சூடான காப்பிக்காக இதை விட்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறினார்.

முத்திரை கொடுக்கும் சாளரத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது: 'புத்த சூத்திரத்தைக் கையால் எழுதி, கீழே பெயரும் எழுதிச் சமர்ப்பிப்பவர்களுக்கு மட்டும்.' உள்ளே நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, விரலெல்லாம் மசியோடு இருந்தாள். பின்னால் ஹோமத்துக்கு விறகு அடுக்கும் சத்தம் கேட்டது.

கென்சாகு ஒன்றையும் மறைக்கவில்லை. சவப்பெட்டி, தகன நிலையம், தபால்காரர், கத்திரிக்காய் எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடியையும் பல்செட்டையும் நாய்ப் பிஸ்கட்டையும் எடுத்து வரிசையாக வைத்தார்.

"பல்செட்டை ஹோமத்துல போட முடியாதுங்க ஐயா" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பரவாயில்லை. அதுக்கு விலாசமும் தகராறு. இந்தப் புத்தகத்தை மட்டும் எப்படியாவது அனுப்பிடுங்க. தப்பு எல்லாம் என்னுது, அவளுது இல்லை. வேணும்னா அதை நான் எழுதித் தர்றேன். இன்னைக்குத்தான் கடைசி நாள்."

அவள் புத்தகத்தை வாங்கினாள். நீல அட்டையைக் கண்டதுமே அவள் முகம் மாறியது. ஒவ்வொரு பக்கமாக மெல்லத் திருப்பினாள். கடைசிப் பக்கத்தில் கை நின்றது.

"இது யார் குத்தினது?"

"நான்தான்."

"நீங்களே போயா?"

"ஆமாம். ரயில்ல போய், அப்புறம் நடந்து. வரிசையில மூணாவதா நின்னேன்." "தலைகீழா விழுந்துடுச்சு."

"இந்தப் பேரு?"

"திருத்தம் செஞ்சவர் பேரு. என்னுதுதான். தொகாஷி கென்சாகு."

அவள் எழுந்து, பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தாள். நூல் கட்டிய ஒரு காகிதக் கத்தையைக் கொண்டுவந்து, அவர் பார்க்கும்படித் திருப்பி வைத்தாள். மித்சுயோவின் கையெழுத்து, சற்றே இடதுபுறம் சாயும் அதே எழுத்து. மேலே சூத்திரம். கீழே பெயர்.

"எரிக்க வேண்டாம் ஐயா, அவங்க புத்தகம் அந்த ரயில் புத்தகம்தான், அதைச் சரியாத்தான் நீங்க அவங்களோட அனுப்பியிருக்கீங்க" என்றாள் அவள். "இந்தப் புத்தகம் பதினோரு வருஷமா உங்க பேரை எழுதிக் குடுத்து உங்களுக்காக முத்திரை வாங்கினது. அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும், அவரே எங்கயாவது நடந்து போய் வாங்கிக்கட்டும்னு விட்டு வெச்சாங்க."